உட்செவி கண்ட அல்போன்சோ கார்ட்டி

விடுதியில் என் அறைத்தோழர் விலங்கியல் பயில்பவர். ஓரிரவு அவர் விளக்கருகே அமர்ந்து மனிதச் செவியின் உள்ளமைப்பைப் படமாக வரைந்துகொண்டிருந்தார். சுருண்டதொரு குழாயைக் குறுக்கே அரிந்தால் தோன்றும் காட்சி அது. நடுவிற் கூரைச் சட்டங்கள்போல் ஒன்றன்மீதொன்று சாய்ந்து நிற்கும் இரு தூண்கள். அவற்றின் உட்புறம் ஓர் உயிரணு, வெளிப்புறம் மூன்று. மேலே மெல்லியதொரு சவ்வு. படம் முற்றுப்பெற்றதும் அதன்கீழ்க் கார்ட்டி உறுப்பு என்று பெயரெழுதினார். கார்ட்டி என்பவர் யாவர் என்று கேட்டேன். தேர்வில் உறுப்பைத்தான் கேட்பார்கள், ஆளைக் கேட்கமாட்டார்கள் என்று கூறி அவர் விளக்கை அணைத்துவிட்டார்.

தமிழ் பயிலும் எனக்கு அவ்விடை எளிதில் உறக்கம் தரவில்லை. நம் சங்கப் புலவருட் சிலருடைய இயற்பெயர் மறைந்தொழிய, அவர்தம் பாடலில் வந்த தொடரே அவர்க்குப் பெயராகி, செம்புலப்பெயனீரார் எனவும் தேய்புரிப் பழங்கயிற்றினார் எனவும் வழங்குதல் நாம் அறிந்ததே. அவர்களுடைய படைப்பு நின்றது, பெயர் போயிற்று. கார்ட்டியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அவர் பெயரை உலகெங்கும் மருத்துவ மாணவர் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். அவர் எழுதியதைப் படித்தவரோ மிகச் சிலர். அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்தவர் அவரினும் சிலர். ஆதலின் நான் தேடியறிந்த அளவில் அவர் சரிதத்தை இவ்விதழின் வாசகர்க்குக் கூறத் துணிந்தேன்.

அல்போன்சோ கார்ட்டி 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வட இத்தாலியில் பவியா நகருக்கு அணித்தாயுள்ள கம்பரானா என்னும் ஊரிற் பிறந்தார். அக்காலத்தில் இத்தாலி என்றோர் அரசு இல்லை. கம்பரானா சார்டினியா அரசருக்குட்பட்டது. ஆற்றுக்கப்பாலுள்ள பவியாவோ ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. இவ்வெல்லைக் கோடு பின்னர் அவர் வாழ்க்கையிற் குறுக்கிட்டதை மேலே காண்போம். தந்தையார் மார்க்கி என்னும் பிரபுப் பட்டமுடையவர்; நிலபுலங்கள் மிக்கவர். தாயாரும் மலஸ்பினா என்னும் பழைய பிரபு குலத்தில் வந்தவர். இத்தகைய குடியிற் பிறந்த மூத்த மகன் ஒருவன் நிலங்களை மேற்பார்த்துக் குலப்பெயரைக் காப்பதே வழக்கு. பிணங்களை அறுத்து ஆராய்தல் பிரபுக்களின் தொழிலன்று.

ஆயினும் அவ்வீட்டில் விஞ்ஞானத்தின் காற்றும் சிறிது வீசியதுண்டு. உடற்கூற்று நூலிற் பெரும்புகழ் பெற்ற அந்தோனியோ ஸ்கார்ப்பா என்பார் கார்ட்டியின் குடும்பத்துக்கு நண்பர். உட்செவியில் எலும்பாலாகிய வளைக்குள்ளே சவ்வாலாகிய மற்றொரு வளை உண்டென்பதையும், அதனுள் நீர் நிறைந்திருப்பதையும் ஆராய்ந்து எழுதியவர் அவர். 1832-இல் அவர் இறந்தபோது கார்ட்டிக்கு வயது பத்து. சிறுவன் அம்முதியவரிடம் யாது கேட்டானோ நாம் அறியோம்; பின்னாளில் அவன் புகுந்தது அவர் புகுந்த வளையினுள்ளேயே என்பது மட்டும் அறிவோம்.

பவியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய கார்ட்டிக்குப் பனிட்சா, ருஸ்கோனி என்னும் இரு நல்லாசிரியர் வாய்த்தனர். நோயாளியின் படுக்கையருகே நிற்பதைக் காட்டினும் நுண்ணோக்கியின் முன்னே குனிந்திருப்பதே தமக்கு உகந்தது என்பதை அவர் அங்கேயே உணர்ந்துகொண்டார். 1845-இல், தந்தையின் விருப்பத்திற்கு மாறாக, வியன்னாவுக்குச் சென்றார். அங்கே யோசப் ஹிர்ட்டல் என்னும் பேராசிரியர் உடற்கூற்றுப் பீடத்தை அணிசெய்துகொண்டிருந்தார். இரத்தக் குழாய்களினுள்ளே நிறமெழுகைப் பாய்ச்சி அவற்றின் கிளைகளையெல்லாம் மரம்போல் விளங்கச் செய்வதில் ஹிர்ட்டலுக்கு நிகர் அன்று எவருமிலர். பலவகை விலங்குகளின் உட்செவியையும் அவர் ஒப்பிட்டு ஆராய்ந்து நூலெழுதியிருந்தார். அவரிடத்துப் பயின்று, பாலைநிலத்து உடும்பொன்றின் இரத்தக் குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சியால் 1847-இல் கார்ட்டி மருத்துவப் பட்டம் பெற்றார். ஹிர்ட்டல் அவரைத் தம் உதவியாளராகவும் அமர்த்திக்கொண்டார். இருபத்தைந்து வயதில் ஐரோப்பாவின் தலைசிறந்த கூடமொன்றில் இடம் கிடைத்தது. இனி அங்கேயே உயர்ந்து பேராசிரியராதல் ஒன்றே எஞ்சியிருந்தது என்று எவரும் எண்ணியிருப்பர்.

1848 வந்தது. ஐரோப்பாவின் தலைநகரங்கள் பலவற்றிலும் கலகம் மூண்ட ஆண்டு அது. மார்ச்சு மாதத்தில் வியன்னாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதே மாதத்தில் சார்டினியா அரசர் ஆஸ்திரியாமீது போர் தொடுத்தார். சார்டினியக் குடியாகிய ஓர் இளைஞர் ஆஸ்திரியத் தலைநகரில் அமைதியாய் இருந்து உடும்பை அறுத்துக்கொண்டிருத்தல் இனி இயலாததாயிற்று. கார்ட்டி வியன்னாவை விட்டு வெளியேறினார். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த சண்டையில் ஹிர்ட்டலின் வீடும், பல ஆண்டுகளாக அவர் தொகுத்து வைத்திருந்த உடற்கூற்றுப் பொருள்களும் அழிந்தன. ஆசிரியர் தொகுத்ததெல்லாம் இழந்தார். மாணவர் இருந்த இடத்தையே இழந்தார்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் நிலையாய் ஓரிடத்துத் தங்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன், பின்னர் இலண்டன், பாரிஸ் என்று ஊர்தோறும் சென்று ஆங்காங்குள்ள அறிஞர்களைக் கண்டார். இறுதியாக ஜெர்மானிய நாட்டில் வூர்ட்ஸ்பர்க் என்னும் நகரை அடைந்தார். அங்கே ஆல்பர்ட் கோலிக்கர் என்பார், திசுக்களை நுண்ணோக்கியால் ஆராயும் புதிய கலையைக் கற்பித்துவந்தார். அவர் கார்ட்டியினும் ஐந்தே வயது மூத்தவர். ஆசிரியர் மாணவர் என்னும் உறவு விரைவில் நட்பாயிற்று. அந்நட்பிற்குக் கார்ட்டியின் பெயர் எவ்வளவு கடன்பட்டது என்பது பின்னர் விளங்கும்.

இனி அவர் மேற்கொண்ட வேலையின் அருமையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நாம் வெளியே காணும் செவிமடல் ஒரு வாயில் மட்டுமே. ஒலி அவ்வாயில் வழியே சென்று பறைச்சவ்வை அதிரச் செய்து, மூன்று சிற்றெலும்புகளால் உள்ளே கடத்தப்பெற்று, நத்தையின் ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட நீர் நிறைந்த குழாயொன்றை அடைகின்றது. விஞ்ஞானிகள் இதனைக் காக்ளியா என்பர். நாம் செவிநத்தை எனலாம். ஒரு பட்டாணியினும் சற்றே பெரியதாகிய இது, மண்டையோட்டின் எலும்புகளுள் மிகக் கடினமானதினுள்ளே புதைந்து கிடக்கின்றது. எலும்பு கல்லைப் போன்றது. உள்ளிருக்கும் சவ்வோ நீர்க்குமிழியைப் போன்றது. உயிர் பிரிந்த சில மணி நேரத்திற்குள் அது குலையத் தொடங்கிவிடும். உளியைச் சற்று வலிந்து வைத்தால் உள்ளே ஒன்றும் எஞ்சாது. மெத்தென வைத்தாலோ எலும்பு திறவாது. எலும்பை மெல்ல மெல்லப் பெயர்த்து, நீர்ச்சுரங்கத்தினுள் கிடக்கும் நாடா போன்ற சவ்வை ஊசிமுனையால் எடுத்துக் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்துக் காணவேண்டும்.

எடுத்துவிட்டாலும் தொல்லை தீர்ந்தபாடில்லை. உயிரணுக்கள் நிறமற்றவை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எல்லை தெரியாது. ஆகவே கார்ட்டி ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகருக்குச் சென்று, ஷ்ரோடர் வான் டெர் கோல்க், ஹார்ட்டிங் என்பாரிடத்து, மெல்லிய திசுக்களைக் கெடாமற் காக்கும் திரவங்களின் பக்குவத்தைக் கற்றார். ஒருவகைப் பூச்சியினின்று எடுக்கும் கார்மின் என்னும் செந்நிறச் சாயத்தையும் பயன்படுத்தினார். சாயமேற்றித் திசுவை ஆராய்தல் இன்று எந்தக் கூடத்திலும் நாள்தோறும் நடப்பது. அன்று அதனைக் கையாண்டவர் மிகச் சிலர். இவ்வாறு மனிதருடையனவும் விலங்குகளுடையனவுமாகச் சுமார் இருநூறு செவிநத்தைகளை அவர் திறந்து பார்த்தார். எத்தனை பழுதாயின என்று அவர் கணக்கு வைத்தாரோ இல்லையோ, அப்பொறுமையை நினைத்தால் வியப்பே மேலிடுகின்றது.

அவர் கண்டது யாது? செவிநத்தையின் உள்ளே அடியிலிருந்து உச்சி வரையிற் செல்லும் ஒரு சவ்வு. அதன்மேல் நெடுக இருவரிசையாய் நிற்கும் நுண்ணிய தூண்கள். உள்வரிசைத் தூணும் வெளிவரிசைத் தூணும் தலையோடு தலை சாய்ந்து ஒரு வளைவாகின்றன. வளைவுகள் ஆயிரக்கணக்கில் அடுத்தடுத்து நிற்றலால், அவற்றின்கீழ் ஒரு சுரங்கப்பாதை உண்டாகின்றது. தூண்களுக்கு அப்பால் வரிசையாய் நிற்கும் உயிரணுக்களையும், இவையனைத்தின்மேலும் கவிந்திருக்கும் சவ்வையும், குழாயின் வெளிச்சுவரிற் படர்ந்த இரத்தக் குழாய்ப் பட்டையையும், நரம்பணுக்கள் திரண்டிருக்கும் இடத்தையும் அவர் விளக்கினார். அதற்கு முன் இருந்தோர் செவிநத்தையை ஒரு வீட்டை வெளியிலிருந்து பார்ப்பார்போற் பார்த்தனர். கார்ட்டியே உள்ளே சென்று தூண்களை எண்ணினார் என்னலாம்.

இவ்வாராய்ச்சி 1851-இல், கோலிக்கரும் சீபோல்டும் நடத்திவந்த ஜெர்மானிய விலங்கியல் சஞ்சிகையில், பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அளவு ஏறத்தாழ அறுபது பக்கம். எழுதியவருக்கு வயது இருபத்தொன்பது. இத்தாலியர் ஒருவர், பிரெஞ்சு மொழியில், ஜெர்மானியச் சஞ்சிகையில், ஹாலந்திற் கற்ற பக்குவத்தைக் கொண்டு எழுதியது அது. நாடுகள் ஒன்றோடொன்று பொருத காலத்திலும் கல்விக்கு எல்லைக்கோடு இருந்திலது என்பதற்கு அதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

அதே 1851-இல் தந்தையார் இறந்தார். மார்க்கி என்னும் பட்டமும், நிலங்களும், அவற்றின் வழக்குகளும் மகன் தலைமேல் வந்தன. கார்ட்டி தாய்நாடு திரும்பினார். டூரின் நகரிற் சிலகாலம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1854-இல் யானையொன்றின் திசுக்களைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதினார். அதன்பின் அவர் பெயரால் ஆராய்ச்சி யாதும் வெளிவரவில்லை. முப்பத்திரண்டு வயதில் அவருடைய விஞ்ஞான வாழ்க்கை முடிந்தது.

1855-இல் மரியா பெட்டின்ட்சோலி என்னும் மங்கையை மணந்தார். பியான்கா என்றொரு மகளும் கஸ்பாரே என்றொரு மகனும் பிறந்தனர். இல்லறமும் நெடிது நிலைக்கவில்லை. 1861-இல் மனைவி இறந்தார். தாயற்ற இரு குழந்தைகளோடு கார்ட்டி, கார்வினோ சான் குய்ரிக்கோ என்னும் குன்றூரில், மட்சோலினோ என்ற தம் மாளிகையில் வாழ்ந்து, கொடிமுந்திரித் தோட்டங்களைச் சீர்திருத்துவதிற் காலங்கழித்தார். அதனோடு நோயும் சேர்ந்தது. மூட்டுகளைக் கோணச் செய்யும் கொடிய வாதநோய் அவரைப் பற்றியது. நீர்க்குமிழி போன்ற சவ்வைச் சிதையாமல் எடுத்த ஒருவரை நோய் இவ்விடத்திலா தாக்கவேண்டும் என்று நம் மனம் நொந்துகொள்கின்றது. ஆண்டுக்காண்டு நடமாட்டம் குறைந்தது. 1876 அக்டோபர் 2-ஆம் நாள், ஐம்பத்து நான்காம் வயதில், அம்மாளிகையிலேயே உயிர் துறந்தார்.

இவ்வரலாற்றை விடுதியில் நண்பர் சிலரிடம் கூறியபோது ஒரு வாதம் எழுந்தது. ஒருவர், கார்ட்டி தம் தாலந்தைப் பூமியிற் புதைத்தவர் என்றார். ஐந்து ஆண்டில் இத்துணை செய்தவர் மேலும் இருபத்தைந்து ஆண்டு செய்திருந்தால் யாது செய்திருக்கமாட்டார் என்பது அவர் கேள்வி. மற்றொருவர், தந்தையை மீறிச் சென்ற மகன் தந்தை இறந்தபின் வீட்டை நோக்கித் திரும்பியது குற்றமாகுமோ என்றார். எனக்கு முதலில் முன்னவர் கூற்றே சரியெனத் தோன்றியது. இப்போது அவ்வளவு உறுதியாய்ச் சொல்லக் கூடவில்லை. உவமையிற் புதைத்தவன் தனக்களித்ததை ஒருவர்க்கும் பயன்படாமல் வைத்தவன். கார்ட்டியோ கண்டதையெல்லாம் படத்தோடு எழுதி வெளியிட்டுவிட்டே சென்றார். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்வதற்குத் தடை யாதும் இருந்திலது. அவர்கள் தொடர்ந்தனர்.

முதற்கண் தொடர்ந்தவர் நண்பர் கோலிக்கரே. செவிநத்தையின் அவ்வமைப்பிற்குக் கார்ட்டி உறுப்பு என்று பெயரிட்டு அதனை நிலைநாட்டியவர் அவர். டைட்டர்ஸ், ஹென்சன், கிளாடியஸ் என்போர் கார்ட்டி காணாது விட்டவற்றைக் கண்டு ஒவ்வோர் அணுவிற்கும் தத்தம் பெயரை விட்டுச் சென்றனர். 1863-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் பேரறிஞர் இசையுணர்வு பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பியானோவில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு தந்தி இருத்தல்போல, கார்ட்டியின் மூவாயிரம் வளைவுகளும் ஒவ்வொரு சுரத்திற்கு ஒவ்வொன்றாக அதிர்கின்றன என்று அவர் அதிற் கருதினார். கொடிமுந்திரித் தோட்டத்திலிருந்த பிரபு தம் தூண்கள் இத்துணைப் புகழ் பெற்றதை அறிந்திருப்பார் என்றே நினைக்கின்றேன்.

ஆனால் அக்கொள்கை நிற்கவில்லை. அதனைச் சாய்த்தவை பறவைகள். ஹாஸே என்னும் ஆராய்ச்சியாளர் பறவைகளின் செவியைத் திறந்து பார்த்தபோது அங்கே கார்ட்டியின் தூண்களே இல்லை. சுரம் பிரித்தறிவதிற் குயிலுக்கும் வானம்பாடிக்கும் யார் குறை கூறுவார்? தூணின்றியும் அவை கேட்கின்றன எனின், கேட்பது தூணன்று என்பது தெளிவு. ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலின் பின்பதிப்பில் தூண்களை விட்டுத் தூண்கள் நிற்கும் அடிச்சவ்வையே அதிரும் கருவியாகக் கொண்டார். தவறென்று கண்டதும் திருத்திக்கொண்ட அப்பெருந்தன்மை போற்றத்தக்கது. உண்மையில் ஒலியை உணர்வன தூண்களின் இருமருங்கும் நிற்கும் உயிரணுக்களே. நுனியில் மயிர்போன்ற நுண்ணிழைகள் இருத்தலின் அவற்றை மயிரணுக்கள் என்பர். மனிதச் செவி ஒன்றில் உள்வரிசையில் சுமார் 3,500-உம், வெளிவரிசைகளில் சுமார் 12,000-உம் உள்ளன. நாம் வாழ்நாள் முழுவதும் கேட்பதெல்லாம் இச்சிறு கூட்டத்தின் வாயிலாகவே.

கார்ட்டி கண்டது கட்டி முடிந்த மண்டபத்தை. அதனைக் கட்டியவர் யார், எக்கட்டளைப்படி கட்டினர் என்று கேட்பதற்கு அவர் காலத்தில் வழியில்லை. அக்கேள்விக்கு விடை கடந்த நாற்பதாண்டுகளில் சிறிது சிறிதாகக் கிடைத்துவருகின்றது. இப்பகுதியை எனக்கு உணர்த்தியவர் மேற்கூறிய அறைத்தோழரே. பிழையிருப்பின் அது நான் சரியாகக் கேளாத பிழை.

கருவின் நான்காம் வாரத்தில், பின்மூளையின் இருமருங்கும் புறத்தோல் தடித்துச் சிறு தகடாகின்றது. இஃது தானே நிகழ்வதன்று. அண்டையிலுள்ள திசுக்கள் சில புரதங்களைச் சுரந்து அத்தோலுக்குச் செவியாகுமாறு ஆணை அனுப்புகின்றன. எப்.ஜி.எப். என்று சுருக்கமாக வழங்கும் புரதக் குடும்பம் இவ்வாணையில் முதன்மையானது. எலியின் கருவில் அக்குடும்பத்தைச் சேர்ந்த மூன்றாவதையும் பத்தாவதையும் ஒருங்கே நீக்கிவிட்டால் செவிப்பை தோன்றுவதே இல்லை. ஆணை பெற்ற தகடு குழிந்து கிண்ணமாகிறது. கிண்ணம் வாய்மூடிப் பையாகிறது. பையின் மேற்பாகம் உடலின் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்களாகும்; கீழ்ப்பாகம் நீண்டு சுருண்டு செவிநத்தையாகும். எது கீழ் என்பதை அறிவிப்பது முதுகுநாணிலிருந்தும் மூளையின் அடித்தளத்திலிருந்தும் வரும் மற்றொரு புரதம். அதற்குச் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயர். விளையாட்டுப் படமொன்றின் முள்ளெலிப் பாத்திரத்தின் பெயரை விஞ்ஞானிகள் அதற்கு இட்டுவிட்டனர். பெயரிடுதலில் நம் புலவர்கள் இவர்களினும் நிதானமுடையவர்கள் என்பது என் துணிபு.

செவிநத்தை நீளும்போது அதனுள் ஒரு பட்டையிலுள்ள அணுக்கள் மட்டும் உணர்வுக்குரியனவாகத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. பி-27 என்னும் புரதம் அவற்றைப் பெருகாதே என்று நிறுத்துகின்றது. அட்டோ-1 என்னும் மரபணு எந்த அணுவில் விழிக்கின்றதோ அது மயிரணுவாகின்றது. அம்மரபணு இல்லாத எலிகளில் மயிரணு ஒன்றேனும் உண்டாவதில்லை என்று 1999-இல் கண்டனர். அவ்வாறாயின் பட்டையிலுள்ள எல்லா அணுக்களும் ஏன் மயிரணுக்களாவதில்லை? ஓர் அணு மயிரணுவாக முற்பட்ட அளவில், தன்னைத் தொட்டு நிற்கும் அணுக்களுக்குத் தடையாணை பிறப்பிக்கின்றது. அத்தடையை ஏற்கும் புரதத்துக்கு நாட்ச் என்று பெயர். தடைபெற்ற அணுக்கள் மயிரணுவாகாமல் அதனைத் தாங்கி நிற்கும் தாங்கணுக்களாகின்றன. ஒரு மயிரணு, அதைச் சூழத் தாங்கணுக்கள் என்னும் அழகிய ஒழுங்கு இவ்வாறே உண்டாகின்றது.

கார்ட்டி கண்ட தூண்களும் தாங்கணுக்களே. உள்வரிசை மயிரணு எப்.ஜி.எப். குடும்பத்தில் எட்டாவது புரதத்தைச் சுரக்க, அதனை அடுத்து நிற்கும் அணு அதனை ஏற்றுத் தூணாகின்றது. அதனை ஏற்கும் வாயிற்புரதம் இல்லாத எலிகளில் தூண்கள் உருவாவதில்லை, சுரங்கம் திறப்பதில்லை, அவை செவிடாயின என்று 1996-இல் அறிவித்தனர். இவ்வாணை மிகுந்தாலும் கேடே. தூண்கள் வேண்டியதற்கு மேல் தோன்றிச் செவிப்புலன் குன்றுகின்றது. ஆகவே ஹெல்ம்ஹோல்ட்ஸ் நினைத்ததுபோல் தூண் கேட்பதன்று. ஆனால் பாலூட்டிகளின் செவியில் தூண் இன்றிக் கேட்டலும் இல்லை. கார்ட்டி தம் கண்ணை அதன்மேல் வைத்தது வீணன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இம்மண்டபம் ஒருமுறையே கட்டப்படுகின்றது. குழந்தை பிறக்குமுன்னே கார்ட்டி உறுப்பு முற்றுப்பெற்றுவிடுகின்றது. பின்னர்ப் பேரொலியாலோ, சில மருந்துகளின் நஞ்சாலோ, முதுமையாலோ ஒரு மயிரணு மடிந்தால் அவ்விடத்தைத் தாங்கணு மூடி வடுவாக்குமேயன்றி, புதிய மயிரணு வருவதில்லை. தோல் வளர்கின்றது, குருதி ஊறுகின்றது. செவி மட்டும் தான் இழந்ததை மீளப் பெறுவதில்லை. பல்லாண்டு பஞ்சாலையில் உழைத்தவர், வெடிவேலை செய்தவர் ஆகியோர் செவிப்புலனை இழந்து, வீட்டார் பேசுவதைக் கேளாமல் ஒதுங்கி அமர்ந்திருத்தலை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களிடம் நம்மில் எத்தனைபேர் குரலுயர்த்திப் பேசும் பொறுமை காட்டுகின்றோம்?

இவ்விடத்தும் பறவைகளே மீண்டும் வந்து விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தன. கோழிக்குஞ்சுகளும் காடைகளும் பேரொலியால் மயிரணுக்களை இழந்தபின், சில நாட்களில் அவ்விடங்களிற் புதிய மயிரணுக்கள் தோன்றுவதை 1987, 1988-ஆம் ஆண்டுகளில் கண்டறிந்தனர். பறவையின் தாங்கணு, பக்கத்திலிருந்த மயிரணு மடிந்ததும், ஒன்று தான் இரண்டாகப் பிரிந்து புதியதை ஈனும். அன்றேல் தானே மயிரணுவாக மாறும். தடையாணை பிறப்பித்தவன் இறந்தான், இனித் தடையில்லை என்று அது அறிந்துகொள்வதுபோலும்! கார்ட்டியின் தூண்கள் இல்லாத செவி தன்னைப் புதுப்பிக்கின்றது. நுட்பமாகிய தூண்களையுடைய செவி புதுப்பிப்பதில்லை. அந்நுட்பத்தின் விலையே இதுவோ என்று ஐயுறுவாரும் உளர்.

பாலூட்டிகளிலும் இவ்வாணைகளை மீண்டும் எழுப்பமுடியுமா என்பதே இன்றைய முயற்சி. பி-27 இல்லாத எலிகளில் அணுக்கள் நிறுத்தமின்றிப் பெருகின; ஆனால் ஒழுங்கு குலைந்ததால் அவ்வெலிகளின் செவிப்புலன் கெட்டது. 2013-இல், பேரொலியாற் செவிடான எலிகளின் உட்செவியில் நாட்ச் தடையை நீக்கும் மருந்தை வைத்தபோது, தாங்கணுக்கள் சில மயிரணுக்களாகிச் செவிப்புலன் சிறிதளவு மீண்டது. அச்செய்தி பெரும் நம்பிக்கையை எழுப்பியது. எனினும் மனிதரிடத்து நடந்த சோதனைகளில் அத்தகைய பயன் உறுதிப்படவில்லை; தாங்கணுக்களைத் தூண்டும் நோக்கமுடைய வேறொரு மருந்தின் சோதனை 2023-இற் கைவிடப்பட்டது. வளர்ந்த மனிதனின் தாங்கணுவை எழுப்பவேண்டும். எழுந்தது ஒழுங்கில் நிற்கவேண்டும். நின்றது நரம்போடு இணையவேண்டும். மூன்றும் ஒருங்கே கைகூடினாலன்றிச் செவி திறவாது.

சென்ற வாரம் என் தோழர் அப்படத்தை மீண்டும் எடுத்து, ஆசிரியரிடம் கொடுக்குமுன் மையால் வரைந்தார். தூண்கள் இரண்டையும் முன்னிலும் கவனமாக எழுதினார். பெயரெழுதியபின் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, அதனருகே 1822–1876 என்று சிற்றெழுத்திற் சேர்த்தார். அதற்கு மதிப்பெண் கிடையாது என்று நினைவூட்டினேன். தெரியும் என்று கூறிப் படத்தை உலர வைத்தார்.